சுழலும் ரோலர் கோஸ்டரில் வண்டியைச் சுற்றுவது எது?

ஏதோ ஒரு தீம் பார்க்கில் புதிதாகச் சுழலும் ரோலர் கோஸ்டர் திறக்கிறார்கள் என்றால், அதன் வீடியோ உடனே கைக்குக் கை மாறத் தொடங்கிவிடும். தண்டவாளத்தில் பாய்ந்து வரும் வண்டி, வளைவில் திரும்பும்போதே தன்னையும் சுற்றிக்கொள்கிறது; அதில் இருப்பவர்கள் ஒரு கணம் முன்னோக்கியும் அடுத்த கணம் பின்னோக்கியும் போகிறார்கள். வீடியோவுடன் விளக்கங்களும் சேர்ந்தே வரும். "அடியில் மோட்டார் இருக்கிறது, கம்ப்யூட்டர் சுற்றுகிறது" என்பார் ஒருவர். "வேகம் கூடினால் தானாகவே சுற்றும்" என்பார் இன்னொருவர். "கட்டுப்பாடே இல்லாமல் சுற்றுகிறது, பிடுங்கிக்கொண்டு போய்விடும்" என்று மூன்றாமவர் பயமுறுத்துவார்.

மூன்றுமே தவறு. இந்த வகைக் கோஸ்டர்களில் பெரும்பாலானவற்றில் வண்டியைச் சுற்றுவதற்கென்று மோட்டாரே கிடையாது. யார் எந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதை எந்த இடத்தில் அவர்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் சுழற்சியைத் தீர்மானிக்கின்றன. பள்ளிக்கூட இயற்பியல் நினைவிருந்தால் போதும், இதை முழுமையாகப் புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டு ஏறினால் அந்த ஒன்றரை நிமிடம் இன்னும் சுவையாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

## எதைச் சுழலும் கோஸ்டர் என்கிறோம்?

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தலைகீழாக வளையம் போடும் கோஸ்டர் எல்லாம் சுழலும் கோஸ்டர் ஆகிவிடாது. அங்கே சுருண்டு போவது பாதை. வண்டி எப்போதும் பாதை போகும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். சுழலும் கோஸ்டரில் வண்டி இரண்டு அடுக்காக இருக்கும். கீழே சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டம். மேலே இருக்கைகள் கொண்ட கூடு. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வளைய வடிவப் பேரிங். அடிச்சட்டம் தண்டவாளத்தை இறுகப் பிடித்தபடி ஓடுகிறது. கூடு அதன்மேல் இடமாகவோ வலமாகவோ தடையில்லாமல் திரும்புகிறது. கூடு எந்தக் கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அதற்கு அச்சு என்று பெயர். இந்த அச்சு வண்டியின் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்.

இதோடு போட்டுக் குழப்பப்படும் வேறொரு வகையும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 2002-இல் வந்த 'எக்ஸ்' என்ற கோஸ்டரில், இருக்கைகள் பாதைக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். கிடைமட்ட அச்சில் குட்டிக்கரணம் போடும். எந்த இடத்தில் எவ்வளவு கரணம் என்பதைக் கூடுதலாகப் போட்ட இரண்டு தண்டவாளங்களே முடிவு செய்துவிடும். அது வேறு குடும்பம்.

நம் குடும்பத்துக்குள்ளும் இரு கிளைகள் உள்ளன. ஃபுளோரிடாவின் எப்காட் பூங்காவில் 2022-இல் திறந்த 'காஸ்மிக் ரீவைண்ட்' போன்றவற்றில் கூட்டின் திருப்பம் முன்கூட்டியே வகுத்தது. எந்தக் காட்சியைப் பயணி பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் வண்டி திருப்பப்படும். மோட்டார்க் கட்சிக்காரர்கள் சொல்வது இந்தச் சிறு கிளைக்கு ஓரளவு பொருந்தும். மற்றது தடையின்றிச் சுழலும் கிளை. உலகில் பெரும்பாலான சுழலும் கோஸ்டர்கள் இந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தவை. இக்கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

இது புத்தம்புதிய யோசனையும் அல்ல. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் இருந்த லூனா பார்க்கில் 1908-இலேயே 'வர்ஜீனியா ரீல்' என்ற ரைடு ஓடியது. வட்டமான தொட்டிக்குள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து உட்கார, தொட்டி வளைந்து வளைந்து செல்லும் சரிவில் சுழன்றபடி இறங்கும். ஹென்றி ரீல் என்பவர் உருவாக்கியது. மோட்டார் இல்லாமல் வண்டியைச் சுழல வைக்கலாம் என்பது நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த வித்தை.

## ஒரு சுழல் நாற்காலி போதும்

அலுவலகங்களில் இருக்கும், சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பாகம் நம் அடிச்சட்டம்; திரும்பும் இருக்கை நம் கூடு. நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அடிப்பாகத்தைப் பிடித்துச் சட்டென்று வலப்புறம் இழுங்கள். நாற்காலி முழுதாக வலப்புறம் நகரும். இருக்கை பெரிதாகத் திரும்பாது.

இப்போது இருக்கையின் முன் விளிம்பில் கனமான பை ஒன்றை வைத்துவிட்டு மறுபடி இழுங்கள். பை வைத்த பக்கம் பின்தங்கும். அடிப்பாகம் வலப்புறம் ஓட, கனமான முனை "நான் இருந்த இடத்திலேயே இருப்பேன்" என்று அடம்பிடிக்க, இருக்கை திரும்பிவிடும். நீங்கள் இருக்கையைத் தொடவே இல்லை. அடிப்பாகத்தை மட்டும்தான் இழுத்தீர்கள்.

சுழலும் கோஸ்டரின் ரகசியம் முழுவதும் இந்த ஓர் இழுப்பில் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்ல இரண்டு சொற்கள் வேண்டும். ஒரு பொருளின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி நிறை மையம். ஒரு பொருளைத் திருப்பப் பார்க்கும் விசையின் வலிமை திருப்புவிசை. வெறும் நாற்காலியில் நிறை மையம் அச்சின்மேலேயே இருந்தது. அதனால் அடிப்பாகத்தை எப்படி இழுத்தாலும் திருப்புவிசை எழவில்லை. பையை வைத்ததும் நிறை மையம் அச்சைவிட்டு விலகியது. விலகிய தூரம் கூடக் கூட, இழுப்பின் வலிமை கூடக் கூட, திருப்புவிசையும் கூடும்.

வண்டியில் அந்தப் பை வேறு யாருமில்லை, பயணிகள்தான். நான்கு பேர் உட்காரும் கூடு ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் தலா 70 கிலோ எடையுள்ள இரண்டு பெரியவர்கள். எதிர்ப்பக்கம் தலா 30 கிலோ எடையுள்ள இரண்டு சிறுவர்கள். இரு பக்க எடைக்கும் வித்தியாசம் 80 கிலோ. அவர்கள் அச்சிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறார்கள் என்றும், ஆட்களோடு சேர்த்துக் கூட்டின் மொத்த எடை 500 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், நிறை மையம் அச்சிலிருந்து ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் விலகியிருக்கும். கைச்சாண் அளவுகூட இல்லை. ஆனால் புவியீர்ப்பில் பாதி அளவுள்ள பக்கவாட்டுத் தள்ளல் ஒரே ஒரு விநாடி கிடைத்தாலும், அசையாமல் நின்ற கூடு நான்கு விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்துக்கு வந்துவிடும். மோட்டார் எதற்கு?

இதுவரை பார்த்ததன் சாரம்: அடிச்சட்டம் பாதையால் இழுக்கப்படுகிறது, கூட்டின் நிறை மையம் அச்சில் இல்லாவிட்டால் கனமான பக்கம் பின்தங்குகிறது, அந்தப் பின்தங்கலே சுழற்சி.

## வேகம் சுற்றுவதில்லை. பக்கவாட்டுத் தள்ளல்தான் சுற்றுகிறது

"வேகமாகப் போனால் வேகமாகச் சுற்றும்" என்ற நம்பிக்கை எளிதில் விடாது. ஆனால் நேர்ப்பாதையில் வண்டி எத்தனை வேகத்தில் போனாலும் அதில் திருப்புவிசை இல்லை. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தால் தொடர்ந்து சுற்றும். சும்மா இருந்தால் சும்மாவே இருக்கும்.

இன்னும் வியப்பானது, பள்ளத்தின் அடியில் நடப்பது. உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கிய வண்டி மேலெழும்பத் திரும்பும் அந்த இடத்தில் உடலை இருக்கையோடு அழுத்தும் விசை எடையைப் போல மூன்று, நான்கு மடங்கு வரை போகலாம். கையைத் தூக்குவதே கஷ்டம். பயணத்திலேயே மிகப் பெரிய விசை அதுதான். ஆனாலும் அது கூட்டை ஏறக்குறைய சுற்றுவதே இல்லை! ஏனென்றால் அந்த விசை அச்சின் வாக்கிலேயே, அதாவது வண்டியின் தரைக்குச் செங்குத்தாகச் செயல்படுகிறது. ஒரு கதவை அதன் கீல் வாக்கில் மேலிருந்து கீழாக அழுத்தினால் அது திறக்குமா?

கூட்டைச் சுற்றுவது, தரையின் வாக்கில் அமையும் விசை மட்டுமே. அதைப் பக்கவாட்டு விசை என்று அழைப்போம். இதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. இருக்கையில் உங்களை ஒரு பக்கமாகச் சரிய வைக்கிறதே, பக்கத்திலிருப்பவர் மேல் சாய வைக்கிறதே, அந்த விசைதான் வண்டியையும் சுற்றுகிறது. உங்களை இருக்கைக்குள் அமுக்கும் விசை சுற்றாது. ஒரு முறை ஏறிக் கவனித்தால் இந்த வேறுபாடு உடம்பிலேயே பதிந்துவிடும்.

இது புரிந்தால், சுழலும் கோஸ்டர்களின் பாதை ஏன் பார்ப்பதற்கு வித்தியாசமாக இருக்கிறது என்பதும் புரியும். அதிவேகக் கோஸ்டர்களின் வளைவுகளில் தண்டவாளம் உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நெடுஞ்சாலை வளைவுகளிலும் ரயில் பாதைகளிலும் செய்வதைப் போன்றதுதான். சாய்வைச் சரியாகக் கணக்கிட்டால் பக்கவாட்டு விசை முழுவதும் இருக்கைக்குள் அமுக்கும் விசையாக மாறிவிடும். பயணிக்கு அது இதம். ஆனால் கூடு சுற்றாது. எனவே சுழலும் கோஸ்டரை வடிவமைப்பவர், மற்றவர்கள் பாடுபட்டு நீக்கும் அதே பக்கவாட்டு விசையை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். சாய்வே இல்லாத தட்டையான, குறுகிய கொண்டை ஊசி வளைவுகளை அடுக்கடுக்காகப் போடுகிறார். வேகம் மணிக்கு 40, 50 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் பெரிய அசுரக் கோஸ்டரில் கிடைக்காத சுழற்சி அங்கே கிடைக்கும்.

பிரேக் போடும்போதும் இதே கதை: அடிச்சட்டம் வேகம் குறைய, கனமான பக்கம் முன்னால் பாய்ந்து கூட்டைத் திருப்பும். முதல் மேட்டில் சங்கிலி வண்டியை இழுத்துக்கொண்டு ஏறும்போது, கனமான பக்கம் சரிவின் கீழ்த்திசையை நோக்கித் தொங்கப் பார்க்கும். ஆட்கள் திசை மாறி மல்லாந்து போகக் கூடாது என்பதால் அந்த இடத்தில் கூட்டைப் பூட்டி வைப்பது வழக்கம். மேட்டின் உச்சி தாண்டியதும், அல்லது சில வளைவுகள் கழிந்ததும், பூட்டு விடுபடும். பலரும் "இப்போதுதான் மோட்டாரைப் போட்டார்கள்" என்று நினைப்பது அந்தக் கணத்தைத்தான். உண்மையில் அங்கே எதையும் போடவில்லை. பிடித்திருந்ததை விட்டார்கள், அவ்வளவே.

## சுற்றாமலேயே சுற்றும் வண்டி

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். நிறை மையம் மிகச் சரியாக அச்சின்மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரும் சம எடை. திருப்புவிசையே கிடையாது. அப்படியானால் அந்த வண்டி எப்போதும் பாதையைப் பார்த்தபடி, சாதாரணக் கோஸ்டர் மாதிரி போகுமா?

போகாது. திருப்புவிசை இல்லையென்றால் கூடு தான் பார்த்துக்கொண்டிருந்த திசையையே தொடர்ந்து பார்க்கும். வடக்கு நோக்கிப் போகும் வண்டியில் நீங்கள் வடக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பாதை இடப்புறமாக வளைந்து, அரைவட்டம் போட்டு, தெற்கு நோக்கித் திரும்புகிறது. அடிச்சட்டம் திரும்பிவிட்டது. உங்களைத் திருப்ப யாரும் இல்லை. நீங்கள் இன்னும் வடக்கைப் பார்த்தபடியே, இப்போது பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்! கீழே நின்று பார்ப்பவர் "வண்டி அரைச் சுற்று சுற்றிவிட்டது" என்பார். சுற்றியது பாதை, வண்டி சுற்றவில்லை.

அந்த ஒரே வளைவுக்குள் உடம்பு என்னென்ன உணரும் என்பதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் நுழையும்போது வலப்பக்கம் தள்ளப்படுவீர்கள். பாதி வளைவில், வண்டி மேற்கு நோக்கிப் போகும்போது, முன்பக்கமாகத் தள்ளப்பட்டு மடிமேல் இருக்கும் தடுப்புக் கம்பியில் அழுந்துவீர்கள். வெளியேறும்போது இடப்பக்கம் தள்ளப்படுவீர்கள். சாதாரணக் கோஸ்டரில் இதே வளைவு தொடக்கம் முதல் முடிவு வரை வலப்பக்கமே தள்ளியிருக்கும். தண்டவாளம் ஒன்றுதான், வளைவும் ஒன்றுதான். ஒரு பேரிங் மூன்று விதமான தள்ளலைத் தந்துவிடுகிறது.

நடைமுறையில் பேரிங்கில் கொஞ்சம் உராய்வு இருக்கும். அது, அடிச்சட்டம் திரும்பும் பக்கமாகக் கூட்டையும் கொஞ்சம் இழுத்துத் திருப்பும். அதனால் சமநிலையான வண்டி பாதி திரும்பியும் பாதி திரும்பாமலும் போகும்.

ஆகவே இரண்டு காரணங்கள்: எடை ஏற்றத்தாழ்வு கூட்டை உண்மையாகவே சுற்றுகிறது, பாதையின் வளைவு, சுற்றாத கூட்டையும் சுற்றியதாகக் காட்டுகிறது. வீடியோவில் நாம் பார்ப்பது இரண்டும் கலந்த ஒன்று.

## இரண்டு பயணம் ஒன்றாக அமைவதில்லை, ஏன்?

வளைவு எப்போதும் சுழற்சியைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. கனமான பக்கம் அப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே வளைவு சுழற்சியைக் கூட்டலாம், குறைக்கலாம், திசையையே மாற்றிவிடலாம். முதல் வளைவில் நுழையும்போது கூடு ஒரு சில பாகை வேறுபட்டு இருந்தால், இரண்டாம் வளைவுக்கு வரும்போது அந்த வேறுபாடு பெருகியிருக்கும். ஐந்தாறு வளைவு தாண்டினால் முற்றிலும் வேறொரு பயணம். ஒருவர் சற்றே நகர்ந்து உட்கார்ந்தது, காலையின் குளிரில் பேரிங் கிரீஸ் கொஞ்சம் இறுகியிருந்தது போன்ற அற்ப விஷயங்கள்கூட இந்த வேறுபாட்டைத் தொடக்கிவைக்கலாம்.

விதிகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தும், தொடக்கத்தின் நுண்ணிய வேறுபாடு பூதாகாரமாக வளர்வதால் முடிவைக் கணிக்க முடியாமல் போகும் இந்த நிலைக்கு இயற்பியலில் கேயாஸ் என்று பெயர். இது வாய்ப்பேச்சு இல்லை. அமெரிக்காவில் 1926-இல் ஹெர்பர்ட் செல்னர் உருவாக்கிய 'டில்ட் எ வேர்ல்' என்ற ராட்டினம் உண்டு. மேடும் பள்ளமுமான வட்டப் பாதையில், தடையின்றித் திரும்பும் இருக்கைகள் அதில் ஓடும். காட்ஸ், ஹகார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் அதன் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதி ஆராய்ந்து, அது கேயாஸ் வகையைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். சுழலும் கோஸ்டரிலும் அடிப்படை அதுவேதான்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கணிக்க முடியாது என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை என்று பொருள் அல்ல. கூடு எந்த நொடியில் எந்தப் பக்கம் பார்க்கும் என்றுதான் சொல்ல முடியாது. அது எவ்வளவு வேகமாகச் சுற்ற விடப்படும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. அந்த எல்லையை எப்படி வகுக்கிறார்கள்?

## தொடாமலே பிடிக்கும் பிரேக்

பேரிங்கின் உராய்வு ஒரு மிதமான தடை. பாதை நீண்டு, வேகமும் கூடிய புதிய கோஸ்டர்களுக்கு அது போதாது. அங்கே காந்தங்கள் வருகின்றன. ஒரு பக்கம் வலுவான நிலைக்காந்தங்கள். மறுபக்கம் செம்பு அல்லது அலுமினியத் தகடு. கூடு திரும்பும்போது தகடும் காந்தமும் ஒன்றையொன்று உரசாமல் கடந்து போகும். காந்தப் புலத்தின் குறுக்கே நகரும் உலோகத்துக்குள் சின்னச் சின்ன வட்டங்களாக மின்சாரம் ஓடத் தொடங்கும். இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். அந்த மின்னோட்டம் தானும் ஒரு காந்தப் புலத்தை உருவாக்கி, தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும்.

இதில் இரண்டு நன்மைகள். கூடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்குத் தடையும் வலுக்கும். மெல்லச் சுற்றும்போது தடை ஏறக்குறைய இருக்காது. எனவே சுழற்சி சாகாது, கட்டுமீறியும் போகாது. இரண்டாவது நன்மை, இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. மின்தடை ஏற்பட்டாலும் காந்தம் காந்தமாகவே இருக்கும். கோஸ்டர்களின் முடிவில் வண்டியை நிதானப்படுத்தவும், உயரத்திலிருந்து விழும் கோபுர ரைடுகளை நிறுத்தவும் இதே முறையைத்தான் நம்புகிறார்கள்.

இந்தக் கடிவாளம் கையில் இருப்பதால்தான் இன்று சுழலும் கோஸ்டரைப் பெரிதாகவும் கட்ட முடிகிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சில்வர் டாலர் சிட்டி பூங்காவில் 2018-இல் திறந்த 'டைம் டிராவலர்' 100 அடி உயரம், மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகம், செங்குத்தான இறக்கம், மூன்று இடங்களில் தலைகீழாகவும் போகும். ஜெர்மனியின் மாக் நிறுவனம் கட்டியது. பெல்ஜியத்தின் பிளாப்சாலாந்து பூங்காவிலும் 2021-இல் அதே நிறுவனத்தின் அதே வகைக் கோஸ்டர் ஒன்று வந்தது. சுழற்சியை அளவோடு வைக்கத் தெரியாமல் இப்படிப்பட்ட பாதையில் ஆட்களை ஏற்ற முடியாது.

அளவு என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். நான்கு விநாடிக்கு ஒரு சுற்று என்றால், சுழற்சி அவரை வெளிப்புறமாகத் தள்ளுவதாக அவர் உணர்வது அவர் எடையில் கால்பங்குதான். அது ஒன்றுமே இல்லை. இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று ஆகிவிட்டால்? வேகம் இரண்டு மடங்கு. தள்ளலோ நான்கு மடங்கு, அதாவது அவர் எடைக்குச் சமம். கொஞ்சம் வேகம் கூடினாலே தள்ளல் பாய்ந்து ஏறும் என்பதால்தான் கடிவாளத்தை இவ்வளவு கவனமாகக் கணக்கிடுகிறார்கள்.

## ஒரு பக்கம் கனத்தால் வண்டி கவிழாதா?

கவிழாது. கோஸ்டர் வண்டி தண்டவாளத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு மூலையிலும் தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒரு சக்கரம், அடியில் ஒரு சக்கரம் என்று மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். அடியில் இருக்கும் சக்கரத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். வண்டி தண்டவாளத்தைவிட்டு மேலே எழும்பாமல் தடுப்பது அதுதான். எடை எந்தப் பக்கம் கூடினாலும் இந்தப் பிடி தளராது. எல்லா எடையும் ஒரே பக்கம் என்ற மிக மோசமான நிலையையும் கணக்கில் எடுத்தே அடிச்சட்டமும் பேரிங்கும் வடிவமைக்கப்படுகின்றன. திறப்பதற்கு முன் மனிதர்களுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை வைத்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

பயணம் முடிந்து நிலையத்துக்குள் வருவதற்கு முன் கூடு நேர்த்திசைக்குத் திருப்பப்பட்டு மறுபடி பூட்டப்படும். சிலவற்றில் பாதையோரத்தில் சுழலும் ரப்பர் டயர்கள் கூட்டைத் தொட்டுத் திருப்பிவிடும்.

## தலை ஏன் சுற்றுகிறது?

இதை விளக்காமல் விட்டால் கட்டுரை பாதிதான். நம் உள்செவியில் அரைவட்டக் கால்வாய்கள் என்ற மூன்று நுண்ணிய வளையங்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கும். தலை திரும்பத் தொடங்கும்போது வளையம் திரும்பிவிடும், திரவம் பின்தங்கும். முன்பு சுழல் நாற்காலியில் பார்த்த அதே பின்தங்கல்! அதை உணர்ந்துதான் மூளை "திரும்புகிறோம்" என்று அறிகிறது. ஒரே சீரான வேகத்தில் தொடர்ந்து சுற்றினால் சிறிது நேரத்தில் திரவமும் சேர்ந்து சுற்றத் தொடங்கி, அந்த உணர்வு மங்கிவிடும். பிறகு திடீரென்று நின்றால் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்; எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தோன்றும்.

சுழலும் கோஸ்டரில் சீரான வேகமே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சுழற்சி கூடும், குறையும், திசை மாறும். செவி சொல்வதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாமல் மூளை திணறும்போதுதான் குமட்டல் வருகிறது. இதில் நிலைமையை மோசமாக்கும் ஒரு செயல் உண்டு: சுழன்றுகொண்டிருக்கும்போது தலையை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ப்பது. அப்படிச் செய்தால் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வளையம் நிற்க, வேறொரு வளையம் சுற்றத் தொடங்கும். நடக்காத ஒரு புரளல் நடந்ததாக மூளைக்குச் செய்தி போகும். எனவே தலையைச் சாய்மானத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. கண்களை இறுக மூடிக்கொள்வதைவிடத் தொலைவில் நிலையாக இருக்கும் எதையாவது பார்ப்பது பலருக்கும் உதவுகிறது. இறங்கியதும் ஓடாதீர்கள்; ஒரு நிமிடம் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டு நடங்கள்.

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், கழுத்து அல்லது முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று நுழைவாயிலில் பலகை இருக்கும். இங்கே விசையின் அளவைவிட, அது எந்தத் திசையிலிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரியாததுதான் கழுத்துக்குச் சிரமம். மற்றக் கோஸ்டரில் வளைவைப் பார்த்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளலாம். பின்னோக்கிப் போகும்போது எதைப் பார்ப்பது? அந்தப் பலகையைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். "சின்ன ரைடுதானே" என்று யாரையும் வற்புறுத்தி ஏற்றாதீர்கள்.

## எப்படி உட்கார்ந்தால் நன்றாகச் சுற்றும்?

இத்தனையும் படித்தவருக்கு இதற்கு விடை சொல்லவே வேண்டாம். நிறையச் சுற்ற வேண்டுமென்றால் எடையுள்ளவர்கள் ஒரு பக்கம், இலகுவானவர்கள் எதிர்ப்பக்கம். இரண்டே பேர் ஏறுகிறீர்கள் என்றால் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மிதமாக வேண்டும் என்றால் எடையைச் சமமாகப் பிரித்து எதிரெதிராக உட்காருங்கள்; பிள்ளைகளோடு முதன்முறை ஏறுபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஏறிய பிறகு உடம்பைச் சாய்த்துச் சுழற்சியைக் கூட்டலாம் என்று சிலர் முயல்வார்கள். பாதுகாப்புக் கம்பிக்குள் உடம்பு நகரக்கூடிய தூரம் மிகக் குறைவு. நிறை மையம் ஓரிரு சென்டிமீட்டர்கூட நகராது. கழுத்து வலிதான் மிஞ்சும்.

இருக்கை ஒதுக்குவது பூங்கா ஊழியரின் பொறுப்பு. வண்டியின் எடை எப்படிப் பிரிய வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்த வரம்பு அவரிடம் இருக்கலாம். வேறு இருக்கைக்கு மாறச் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாறி உட்காருங்கள்.